தம்பிக்கு ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது, லேப்டாப்புக்கு டெபாசிட் கேட்கிறார்கள். நம்பலாமா?

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம். அவசரமாக ஒரு யோசனை வேண்டும். நாளை மாலை ஆறு மணிதான் கெடு.

தம்பி படிப்பை முடித்துவிட்டு எட்டு மாதமாக வேலை தேடுகிறான். இரண்டு மூன்று வேலைத் தளங்களில் ரெஸ்யூமே ஏற்றி வைத்திருந்தான். போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வாட்ஸ்அப்பில் வந்தார். ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, அங்கே ஹெச்ஆர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, "உங்கள் ரெஸ்யூமே தேர்வாகியிருக்கிறது, இன்டர்வியூ டெலிகிராமில் நடக்கும்" என்றார். புதன்கிழமை இன்டர்வியூ. பேச்சே கிடையாது, எல்லாம் எழுத்துதான். பத்துப் பன்னிரண்டு கேள்விகள், இருபது நிமிடம். "உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன" என்கிற ரகம். இரண்டு மணி நேரத்தில் ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. லெட்டர்ஹெட், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கிறது. சம்பளம் அவன் எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்கு. வீட்டிலிருந்தே வேலை.

இன்று காலையில்தான் டெபாசிட் பேச்சு வந்தது. லேப்டாப்பை கூரியரில் அனுப்புவார்களாம், அதற்கு ஒரு தொகை கட்ட வேண்டுமாம், முதல் மாதச் சம்பளத்தோடு திருப்பித் தந்துவிடுவார்களாம். நாளைக்குள் கட்டாவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

நான் சந்தேகப்பட்டேன். அவன் நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்து காட்டினான். நிறுவனம் நிஜம். லெட்டரில் இருக்கும் பதிவு எண்ணும் நிஜம், நானே சரிபார்த்தேன். எழுத்துப்பிழைகூட இல்லை. "உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்" என்று கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டான். இன்னொரு முறை சொன்னால் என்னோடு பேச்சை நிறுத்திவிடுவான். எதைக் காட்டினால் ஏற்றுக்கொள்வான் என்று தெரியவில்லை.

சுருக் எழுதியது:

வேலை தருகிறவன் பணம் கேட்டால் அது வேலை இல்லை. கட்ட வேண்டாம்.

நேர்காணல்காரி எழுதியது:

சுருக் சொன்னதுதான் பதில். ஆனால் அதை அப்படியே போய்ச் சொன்னால் உங்கள் தம்பி கேட்க மாட்டார். எட்டு மாதம் காத்திருந்தவருக்கு அந்தக் கடிதம் வெறும் தாள் கிடையாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பதினாறு வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில் வரவேற்பறையிலிருந்து அழைப்பு. "மேடம், இன்று சேர வேண்டியவர் ஒருவர் வந்திருக்கிறார்." அன்று யாரும் சேர வேண்டியது இல்லை. கீழே போனேன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், பக்கத்தில் பெட்டி. எழுந்து நின்று வணக்கம் சொல்லி, ஃபைலிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். அதில் கீழே என் பெயர். என் பதவி. என் கையெழுத்து.

பார்த்து உருவாக்கியது இல்லை, என் கையெழுத்தேதான். என் கையெழுத்தின் கடைசி இழுப்பில் ஒரு நாள் பேனா மக்கர் செய்து மை விட்டுப்போன இடம் ஒன்று உண்டு. வேலையை விட்டுப் போன ஒருவருக்கு நான் கொடுத்த அனுபவச் சான்றிதழில் அது இருந்தது. அவர் அதை நெட்டில் ஏற்றியிருக்கிறார். அங்கிருந்து வெட்டி எடுத்து இந்தக் கடிதத்தில் ஒட்டியிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் கையெழுத்தைச் சுற்றி மட்டும் தாள் லேசாகச் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரமாகத் தெரியும். பழைய ஸ்கேனின் பின்னணி.

இந்தக் கடிதம் எங்களுடையது இல்லை என்று சொன்னதும் அவர் என்னைத்தான் சந்தேகப்பட்டார். "மேடம், உங்கள் கையெழுத்துதானே இது?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று தவணையாகக் கட்டியிருந்தார். பின்னணிச் சரிபார்ப்புக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று, காப்பீட்டுக்கு ஒன்று.

ஆகவே லெட்டர்ஹெட், முத்திரை, பதிவு எண், கையெழுத்து இவையெல்லாம் உண்மையாக இருப்பதில் ஒன்றுமே இல்லை. எல்லாம் ஊரறிந்த தகவல், யாரும் நகல் எடுக்கலாம். அந்த நிறுவனம் இருக்கிறதா என்று தேடினால் இருக்கத்தான் செய்யும். உங்களோடு பேசுகிறவர் அந்த நிறுவனத்தில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. எழுத்துப்பிழையைத் தேடுவதும் பழைய காலத்து யோசனை. இப்போது எழுதித் தர இயந்திரம் இருக்கிறது, எங்கள் கடிதங்களைவிட அவர்கள் கடிதத்தில் இலக்கணம் சுத்தம்.

தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து மெயில் முகவரியைப் பாருங்கள். மேலே பெரிதாகத் தெரியும் பெயர் கணக்கில் வராது, அதில் யாரும் எதையும் போட்டுக்கொள்ளலாம். அட் (@) குறிக்குப் பின்னால் வருவதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். கடைசியில் .காம் அல்லது .கோ.இன் போல ஒரு வால். அதற்கு முன்னால், அடுத்த புள்ளி வரை இருக்கும் சொல்தான் உரிமையாளர். "கேரியர்ஸ்.நிறுவனம்.காம்" என்றால் நிறுவனத்துடையது. "நிறுவனம்-கேரியர்ஸ்.காம்" என்றால் யாரோ காசு கொடுத்து வாங்கிய வேறொரு பெயர். நடுவில் இருக்கும் சிறு கோட்டைக் கண் தாண்டிவிடும். ஆங்கில எம் எழுத்துக்குப் பதில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டு ஏமாற்றுவதும் உண்டு. கைபேசித் திரையில் வித்தியாசமே தெரியாது. டொமைன் எனப்படும் இந்த இணையப் பெயர் எப்போது பதிவானது என்பதை ஹூஈஸ் என்ற பதிவுத் தேடலில் இலவசமாகப் பார்க்கலாம். எங்கள் பெயரில் வந்த அந்தப் போலி டொமைனுக்கு அன்றைய தேதியில் வயது பதினொரு நாள். எங்கள் நிறுவனத்துக்கு வயது முப்பதுக்கு மேல்.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உண்மையான நிறுவனங்களே ஆள் எடுக்கும் மென்பொருள் வழியாக வேறு டொமைனிலிருந்து மெயில் அனுப்புவது உண்டு. அதனால் முகவரி வேறாக இருப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. சந்தேகம் தீர வழி ஒன்றுதான். கடிதத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் இணையதளத்தை நீங்களே தட்டித் திறந்து, அங்கே இருக்கும் பொது எண்ணை எடுத்து அழைத்து, "இந்தப் பதவிக்கு, இந்தப் பெயருக்கு ஆஃபர் போயிருக்கிறதா?" என்று கேளுங்கள். சங்கடப்பட வேண்டாம். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு எங்கள் வரவேற்பறையில் இதற்கென்றே ஒரு நோட்டு இருக்கிறது.

அப்புறம் அந்த வேகம். ஒரு ஆஃபர் லெட்டரை வெளியே அனுப்ப எனக்கு எத்தனை பேர் ஒப்புதல் வேண்டும் தெரியுமா? துறைத் தலைவர், நிதித் துறை, சில சமயம் இன்னொரு நாட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவர். எல்லாம் நேராகப் போனாலும் இரண்டு வாரம். இரண்டு மணி நேரத்தில் ஆஃபர் அனுப்பும் ஹெச்ஆர் எங்காவது இருந்தால் நானே அங்கே போய்ச் சேர்ந்துவிடுவேன்.

லேப்டாப் விஷயம். அது நிறுவனத்தின் சொத்து. கூரியரிலேயே வந்தாலும் கையில் கிடைத்த பிறகு சீரியல் எண்ணைப் பார்த்துப் பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து போடுவீர்கள், வேலையை விட்டுப் போகும்போது திருப்பிக் கொடுப்பீர்கள். உங்கள் பையிலிருந்து ஏன் எடுக்க வேண்டும்? தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் குறித்துச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997இல் கொண்டுவந்த 181ஆம் உடன்படிக்கை, வேலை தேடுகிறவரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ, முழுதாகவோ பகுதியாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒரு சில விதிவிலக்குகளை நாடுகள் அனுமதிக்கலாம், எல்லா நாடும் அதில் கையெழுத்துப் போடவும் இல்லை. ஆனாலும் "திருப்பித் தரப்படும்" என்று சேர்த்துக்கொண்டால் மட்டும் கட்டணம் வேறு ஒன்றாகிவிடாது.

தம்பி இதற்கும் மசியவில்லை என்றால் விவாதம் செய்ய வேண்டாம். அவரையே ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள்: "லேப்டாப்பை அலுவலகத்துக்கு நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன், பணத்தை அங்கேயே கட்டுகிறேன்." பதில் என்ன வருகிறது என்று அவரே பார்க்கட்டும்.

இரவுப்பணி எழுதியது:

நான் ஏமாந்தவன். வேறு வகையில்.

வேலை என்பது ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் போடுவது. ஒரு நாளைக்கு நாற்பது. முதல் நாள் சின்னத் தொகை என் கணக்குக்கு உண்மையாகவே வந்தது. அதுதான் தூண்டில். பணம் வந்துவிட்டதே, எப்படிப் பொய்யாக இருக்கும் என்று நானே என் மனைவியிடம் வாதாடினேன். மூன்றாம் நாள் ஒரு "காம்போ டாஸ்க்" வந்தது. திரையில் என் இருப்பு மைனஸில் போய்விட்டது. அதைச் சரிக்கட்டப் பணம் போட்டால் கமிஷன் ஆறு மடங்கு. போட்டேன். மறுபடி மைனஸ். டெலிகிராம் குழுவில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோரும் "நான் இன்று எடுத்துவிட்டேன்" என்று ஸ்கிரீன்ஷாட் போட்டபடி இருந்தார்கள். வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன், ஸ்கிரீன்ஷாட்டுகள் எல்லாவற்றிலும் பேட்டரி ஒரே அளவில் இருந்தது. ஐம்பது பேரும் ஒரே ஆள்.

வெட்கத்தில் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று ஒரு வழக்கறிஞர் வந்தார். அவரும் முன்பணம் கேட்டார். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அவருக்கும் கொடுத்தேன். ஏமாந்தவர்களின் பட்டியலையே இவர்கள் கைமாற்றிக்கொள்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த டாஸ்க் மோசடி பற்றி அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துக்கு 2020இல் ஒரு புகார்கூட இல்லை. 2023இல் சுமார் 5,000. 2024இன் முதல் பாதியிலேயே சுமார் 20,000. அதைப் படித்த அன்றுதான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. நான் ஒருத்தன் மட்டும் முட்டாள் இல்லை என்று.

இன்னொன்று. உங்கள் தம்பியிடம் பேசும் அந்த மேடமும் இதே மாதிரி ஒரு வேலையை நம்பிப் போய் மாட்டியவராக இருக்கலாம். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் ஒரு லட்சம் பேரும் இணைய மோசடி செய்யும்படி அடைத்து வைக்கப்பட்டிருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. பலரும் நல்ல சம்பளத்துக்கு அலுவலக வேலை என்று நம்பி விமானம் ஏறியவர்கள். வெளிநாட்டு வேலைக்கு "முதலில் டூரிஸ்ட் விசாவில் வாருங்கள், மற்றதை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அங்கேயே நின்றுவிடுங்கள். என்னிடம் போனது பணம்தான். அங்கே போனவர்களிடம் பாஸ்போர்ட்டையே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

அரைப்புள்ளி எழுதியது:

உங்கள் தம்பி புரோகிராமர் என்றால் இதையும் சொல்லி வையுங்கள். இல்லையென்றால் தாண்டிவிடுங்கள்.

எங்கள் துறையில் பணமே கேட்க மாட்டார்கள். கேமராவில் முகம் காட்டி, நல்ல கேள்வி கேட்டு, மரியாதையாகப் பேசுவார்கள். கடைசியில் "ஒரு சின்ன டெஸ்ட், இந்த ப்ராஜெக்டை டவுன்லோடு செய்து ஓட்டிப் பாருங்கள்" என்பார்கள். ஓட்டினால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் கிரிப்டோ வாலட்டும் போய்விடும். ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற கிரிப்டோ விளையாட்டின் ரோனின் வலையமைப்பிலிருந்து 2022 மார்ச்சில் 60 கோடி டாலருக்கு மேல் திருடு போனதே, அதன் தொடக்கம் அங்கிருந்த ஒரு பொறியாளருக்கு வந்த போலி ஆஃபர் பிடிஎஃப் என்று பிறகு செய்தி வந்தது. பல சுற்று இன்டர்வியூ முடிந்து வந்த ஆஃபர் அது. திருடியது வட கொரியாவின் லாசரஸ் ஹேக்கர் குழு என்று எஃப்பிஐ அறிவித்தது.

யாரோ தந்த புரோகிராமை சொந்த மெஷினில் ஓட்டாதீர்கள். கணினிக்குள் தனியாக ஓடும் வர்ச்சுவல் மெஷினில் ஓட்டுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் ஓட்டவே ஓட்டாதீர்கள், இருக்கிற வேலையும் போய்விடும்.

மொட்டைமாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேர்காணல்காரி அக்கா, உங்கள் பதிலை அவன் கதவுக்கு அடியில் தள்ளாத குறைதான். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் இல்லை.

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து ஒரு விஷயம் சொன்னான். அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், வங்கிக் கணக்கு விவரமும், கையில் அட்டையைப் பிடித்தபடி ஒரு செல்ஃபியும் ஏற்கெனவே அனுப்பிவிட்டானாம். பின்னணிச் சரிபார்ப்புக்கு என்று கேட்டார்களாம். பணம் கட்டாவிட்டாலும் இனி என்ன ஆகும் என்று பயப்படுகிறான். உண்மையைச் சொன்னால், எனக்கு அவனைவிடப் பயமாக இருக்கிறது.

நேர்காணல்காரி எழுதியது:

பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் இன்றே செய்ய வேண்டியவை இருக்கின்றன. வங்கியை அழைத்து நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கணக்கு எண் மட்டும் போயிருந்தால் அதை வைத்துப் பணத்தை எடுத்துவிடுவது எளிதில்லை. கார்டின் பின்பக்க எண், ஓடிபி, பின் நம்பர் ஏதாவது போயிருந்தால் கார்டை உடனே முடக்குங்கள். செல்ஃபியும் அட்டையும்தான் எனக்கு உறுத்துகிறது. அதை வைத்து அவர் பெயரில் கடன் கேட்கவோ கணக்கு திறக்கவோ பார்ப்பார்கள். உங்கள் நாட்டில் கடன் மதிப்பெண் அறிக்கை கிடைக்கும் என்றால் அடுத்த சில மாதம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். தெரியாத கடன் எதுவும் அதில் இருக்கக் கூடாது. காவல்துறையின் சைபர் பிரிவில் ஒரு புகார் கொடுத்து ரசீது வாங்கி வைக்கட்டும். நாளைக்கு அவர் பெயரில் யாராவது ஏதாவது செய்தால் அந்தத் தேதி பேசும்.

கோபத்தில் பிளாக் செய்யும் முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். டெலிகிராமில் எதிராளி உரையாடலை இரண்டு பக்கமும் அழித்துவிட முடியும். வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியையும் திறந்து பார்க்கட்டும், தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றட்டும். தூரத்திலிருந்து போனை இயக்கும் ரிமோட் ஆப் ஏதாவது போடச் சொன்னார்களா என்றும் கேளுங்கள்.

முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன். திடீரென்று அவர் கணக்குக்கு ஒரு பணம் வந்து, "தவறுதலாக அதிகம் போட்டுவிட்டோம், மீதியை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று மெசேஜ் வந்தால் தொடவே கூடாது. அது இன்னொரு ஏமாந்தவரின் பணமாக இருக்கும். கைமாற்றிவிட்டால் போலீஸ் தேடி வரும் முதல் வீடு உங்களுடையது. வங்கியிடம் சொல்லி அவர்களையே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

சுருக் எழுதியது:

அந்த மெசேஜ் அனுப்பினானா?

மொட்டைமாடி எழுதியது:

அனுப்பினான். என் முன்னாலேயே தட்டினான். "நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன், அங்கேயே கட்டுகிறேன்."

அரை நிமிடத்தில் பதில். "நிறுவனக் கொள்கைப்படி புதியவர்கள் அலுவலகத்துக்கு வர அனுமதி இல்லை." சரி, வீடியோ அழைப்பிலாவது பேசலாமா என்று கேட்டான். "கேமரா பயன்படுத்த அனுமதி இல்லை." அப்புறம் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருப்பதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. "உங்கள் நிலைமை புரிகிறது. உங்களுக்காக மேலிடத்தில் பேசினேன். இப்போது பாதி கட்டினால் போதும்."

தம்பி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "பாதி கட்டினால் லேப்டாப்பும் பாதி வருமாக்கா?" என்றான். எட்டு நாளாக அவன் என்னிடம் அக்கா என்றே சொல்லவில்லை.

நிறுவனத்தின் பொது எண்ணுக்கும் அழைத்தோம். அப்படி ஒரு பதவியே இப்போது காலி இல்லையாம். கடிதத்தின் நகலை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பியாயிற்று. வங்கியிலும் சொல்லியாயிற்று. புகார் கொடுக்க நாளைக் காலை போகிறோம்.

நேர்காணல்காரி அக்கா, ஒரு வேண்டுகோள். எட்டு மாதமாக உண்மையான நிறுவனம் எதுவும் ஏன் கூப்பிடவில்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டுமாம். உங்களுக்கு நேரம் இருந்தால் அவன் ரெஸ்யூமேவை ஒரு முறை பார்ப்பீர்களா என்று கேட்கச் சொன்னான்.

நேர்காணல்காரி எழுதியது:

பார்க்கிறேன். தொலைபேசி எண், முகவரி, பிறந்த தேதி மூன்றையும் எடுத்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். நான் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?